வெள்ளை பூசாத சீட்டு

வீட்டில் சீட்டுக்கட்டு இருந்தால் நான்கு ஏஸ்களையும் உருவி வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆட்டின், டைமன், கிளாவர் மூன்றிலும் நட்டநடுவே சின்னதாக ஒரே ஒரு குறி, சுற்றிலும் வெறும் வெள்ளை. இஸ்பேட் ஏஸ் மட்டும் கல்யாண வீட்டில் சம்பந்தி நிற்பதுபோல நிற்கும். பெரிய உரு, உள்ளே கொடி வேலைப்பாடு, கூடவே கம்பெனிப் பெயர். ஆட்டத்தில் அதற்கென்று தனி மதிப்பு ஒன்றும் கிடையாது. ரம்மியில் மற்ற மூன்று ஏஸுக்கும் என்ன மரியாதையோ அதே மரியாதைதான் அதற்கும். பிறகு ஏன் இந்த ஜம்பம்?

வரிதான் காரணம். இங்கிலாந்தில் 1711-இல், ஆன் ராணி காலத்தில், சீட்டுக்கட்டு ஒன்றுக்கு ஆறு பென்ஸ் வரி போட்டார்கள். வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாகக் கட்டில் ஒரு சீட்டின் மேல் முத்திரை குத்தினார்கள். அது மெல்ல இஸ்பேட் ஏஸில் நிலைத்தது. 1765 முதல் அந்த ஒரு சீட்டை முத்திரை அலுவலகமே அச்சடித்துக் கொடுத்தது. மீதியைத்தான் கம்பெனிக்காரன் அடித்துக்கொள்ளலாம். கள்ள ஏஸ் அடித்தால் தூக்கு. பேச்சுக்குச் சொல்லவில்லை, 1805-இல் ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரை இதற்காகவே தூக்கில் போட்டார்கள். 1960-இல்தான் அந்த வரி ஒழிந்தது. வரி போயும் அலங்காரம் போகவில்லை. ஆம்பூரில் பெட்டிக்கடையில் வாங்குகிற கட்டிலும் அந்த அரசாங்க முத்திரையின் ஆவி உட்கார்ந்திருக்கிறது.

பழைய சீட்டுகளின் மேல் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, வண்ணம் தடவி, சின்னச் சின்னக் கலைப்பொருட்கள் செய்கிற ஒரு பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. அதைப்பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை. அதில் ஈடுபடுகிறவர்கள் பெரும்பாலும் சீட்டை வெறும் அட்டையாக நினைக்கிறார்கள். சும்மா கிடைக்கிற, விறைப்பான, கைக்கு அடக்கமான அட்டை. முத்திரையை நாம்தான் புதிதாகக் கொண்டுவருகிறோம் என்று நினைக்கிறார்கள். சீட்டுக்கு முத்திரை புதிது கிடையாது, அதற்காக ஒரு உயிரே போயிருக்கிறது என்பதை முதலில் சொல்லி வைத்துவிட்டால் மற்றதைப் பேச வசதி.

இந்தப் பழக்கத்துக்குப் பல ஊற்றுகள். அதில் தேதி போட்டுச் சொல்லக்கூடியது ஒன்று. சூரிச் நகரத்தில் எம். வான்சி ஸ்டிர்னமன் என்ற கலைஞர் 1997-இல் 1200 சின்ன அட்டைகளைத் தன் கையால் செய்து காட்சிக்கு வைத்தார். ஒவ்வொன்றும் 64 மில்லிமீட்டர் அகலம், 89 மில்லிமீட்டர் உயரம். நாம் ஆடுகிற சீட்டின் அளவேதான். காட்சியின் கடைசி நாள் வருகிறவர்கள் தாங்களே செய்த அட்டையைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்றார். அதிலிருந்து பிறந்த விதி: இந்த அட்டையை விற்கக்கூடாது, மாற்றிக்கொள்ள மட்டும்தான் செய்யலாம். கலையைச் சந்தையிலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைக்கிற நல்ல விதி. அளவு ஒத்துப்போனதால் வீட்டில் கிடக்கும் பழைய சீட்டுக்கட்டுகள் இந்த வேலைக்கு அடித்தளம் ஆயின. பிறகு அதற்கென்றே மை, அதற்கென்றே ஸ்டாம்ப், அதற்கென்றே பிரைமர் என்று கடைகள் வந்தன. நகர்த்தி வைத்த சந்தை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

செய்முறை எளிது. சீட்டை எடு. மேலே வெள்ளைப் பிரைமர் ஒரு பூச்சு. காய்ந்ததும் இன்னொரு பூச்சு. மேலே வண்ணம். அதன்மேல் வாங்கிய ஸ்டாம்ப்: பட்டாம்பூச்சி, கடிகாரம், ஈஃபிள் கோபுரம், ‘கனவு காண்’ என்று ஒரு வாசகம். ஓரத்தில் தங்க நிற மை. முடிந்தது.

இப்படிச் செய்த அட்டைகளை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவை எனக்குப் பிடிக்கவில்லை. அழகாக இல்லை என்பதால் அல்ல. நிறைய அழகாகத்தான் இருக்கின்றன. அடியில் இருந்தது ஆட்டின் ராணியா டைமன் நாலா என்று செய்தவருக்கே நினைவிருக்காது, அதுதான் என் குறை. அடியில் என்ன இருந்தாலும் ஒன்றுதான் என்றால் சீட்டு எதற்கு? மாட்டுத்தீவன மூட்டைக்குள் வருகிற அட்டை போதுமே.

பிரைமர் பூசுவதற்கு நியாயமான தொழில்நுட்பக் காரணம் உண்டு. சீட்டு என்பது கறை படக்கூடாது என்று திட்டம் போட்டுச் செய்த பொருள். இரண்டு தாள்களை நடுவே கருப்புப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள், வெளிச்சத்தில் பிடித்தாலும் மறுபக்கம் தெரியாமலிருக்க. மேலே வார்னிஷ். வியர்வைக் கை, டீ கிளாஸ், வெற்றிலை எச்சில் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். சாதாரண ஸ்டாம்ப் பேடு மை அதன்மேல் ஒட்டாது. முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும், தொட்டால் இழுக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிரைமர் பூச வேண்டும், இல்லாவிட்டால் கரைப்பான் கலந்த மை வாங்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தோல் வழியாகவே புரியும். அணைக்கட்டிலிருந்து ஆம்பூர் வரைக்கும் ஏதோ ஒரு ஷாப்பில் வேலை செய்யாத குடும்பம் குறைவு. ஷாப்பு என்றால் எங்கள் ஊரில் தோல் ஷாப்புதான், வேறு ஷாப்பு கிடையாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பழைய முறையில் பதனிட்ட தோலைத் தண்ணீரில் லேசாக நனைத்து, இரும்பு அச்சை வைத்து சுத்தியால் ஒரு போடு போட்டால் குழி அப்படியே நிற்கும். பத்து வருஷம் கழித்தும் நிற்கும். குரோம் போட்ட தோல் அப்படி இல்லை. அடித்த குழி மெல்ல எழும்பிவிடும். அதற்குச் சூடும் பிரஸ் எந்திரமும் வேண்டும். முதல் தோல் அடியை வாங்கி வைத்துக்கொள்கிறது. இரண்டாவது மறந்துவிடுகிறது. முத்திரை குத்துகிற கலை எதுவானாலும் முதல் கேள்வி இதுதான்: அடியில் இருக்கிற பொருள் முத்திரையை ஏற்கிறதா, மறுக்கிறதா, மறுத்தால் அந்த மறுப்பை என்ன செய்யப்போகிறாய்? பிரைமர் அந்தக் கேள்வியையே கேட்காமல் மூடிவிடுகிறது.

சீட்டு எப்போதும் இப்படி மறுக்கிற பொருளாக இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன்பு ஐரோப்பியச் சீட்டுகளுக்குப் பெரும்பாலும் முதுகு வெற்று வெள்ளை. அதனால் கைக்குக் கிடைத்த துண்டுத்தாளாக அது பயன்பட்டது. 1685-இல் இன்றைய கனடாவில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றத்தில் சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசு தீர்ந்துபோனது. பிரான்சிலிருந்து கப்பல் வரவில்லை. அங்கிருந்த நிர்வாகி ஜாக் டி மூல் ஊரில் இருந்த சீட்டுக்கட்டுகளை எடுத்து, தொகை எழுதி, கையெழுத்துப் போட்டுப் பணமாக விட்டார். கப்பல் வந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டார். பிறகு வந்தவர்களும் பல தடவை இதைச் செய்தார்கள். 1791-இல் புரட்சி அரசு பறிமுதல் செய்த நூலகங்களுக்குப் பட்டியல் போட பிரான்சில் சீட்டுகளின் முதுகையே அட்டையாகப் பயன்படுத்தச் சொன்னார்கள். ஒரு பக்கம் கிளாவர் ஏழு, மறுபக்கம் புத்தகத்தின் பெயர். இந்த இரண்டையும் செய்தவர்களுக்குக் கலை செய்கிற எண்ணமே இல்லை. ஆனாலும் பட்டாம்பூச்சி அட்டைகளைவிட இவைதான் எனக்கு இந்தக் கலையின் நல்ல உதாரணங்கள். சீட்டு சீட்டாகவே இருக்கிறது. அதன்மேல் ஒரு கை அவசரமாக இன்னொரு வேலையை ஏற்றியிருக்கிறது. இரண்டும் தெரிகின்றன.

முதுகில் ஒரே மாதிரிக் கோலம் அச்சிடும் வழக்கம் பிறகு பரவியது. கறையோ கீறலோ விழுந்தால் எந்தச் சீட்டு எது என்று எதிராளி கண்டுபிடித்துவிடுவான், அதைத் தடுக்கத்தான். நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். எனக்கு ஒரு கட்டு என்பது வெளியே 52-ம் ஒன்றுபோலவும் உள்ளே 52-ம் வெவ்வேறாகவும் இருக்கிற ஏற்பாடு. அந்த வெளி ஒற்றுமைதான் ஆட்டத்தின் உயிர். ஒரு சீட்டில் ஒரு புள்ளி விழுந்தாலும் மொத்தக் கட்டும் செத்தது. சூதாட்ட விடுதிகளில் பயன்படுத்திய கட்டுகளை விற்பதற்குமுன் ஓட்டை போட்டோ மூலையை வெட்டியோ விடுகிறார்கள், திரும்பவும் மேசைக்கு வரக்கூடாது என்று. ஆகவே சீட்டின்மேல் முத்திரை குத்துவது என்பது அதை ஆட்டத்திலிருந்து வெளியே எடுப்பது. 52-இல் ஒன்றாக இருந்தது தனி ஆளாகிறது. நல்ல அட்டையில் அந்த வெளியேற்றம் கண்ணுக்குத் தெரியும். பிரைமர் பூசியதில் தெரியாது.

நம் நாட்டுக் கஞ்சிஃபாவை இங்கே இழுக்கிறவர்கள் உண்டு. பாபர் 1527-இல் சிந்துவில் இருந்த ஒரு நண்பருக்குக் கஞ்சிஃபா அனுப்பியதாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். சாவந்த்வாடி, ஒடிசாவின் ரகுராஜ்பூர், வங்காளத்தின் பிஷ்ணுபூர், மைசூர் என்று இன்றைக்கும் வட்டச் சீட்டு வரைகிற இடங்கள் இருக்கின்றன. தசாவதாரக் கட்டில் பத்து அவதாரத்துக்குப் பன்னிரண்டு வீதம் 120 சீட்டு. அருமையான வேலை. ஆனால் அது வேறு ஜாதிப் பொருள். ஒவ்வொரு சீட்டும் கையால் வரைந்தது, முத்திரைக்கு இடமில்லை. இன்றைக்கு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சட்டம் போட்டு மாட்டத்தான் வாங்குகிறார்கள். அது கலையாகவே பிறந்த சீட்டு. நான் பேசுவது சாகும்வரை உழைத்துவிட்டுக் கலைக்கு வருகிற சீட்டைப்பற்றி.

கடையில் வாங்கிய ஸ்டாம்ப்பைப்பற்றியும் ஒரு வார்த்தை. அடுத்தவன் வெட்டிய ஸ்டாம்ப்பைக் குத்துவது கலையா என்று சிலர் கேட்கிறார்கள். கலையாகலாம். கர்ட் ஷ்விட்டர்ஸ் 1919 வாக்கில் ஒரு பத்திரிகை அலுவலகத்தின் ரப்பர் ஸ்டாம்ப்புகளைக் கொண்டே படங்கள் செய்தார். ஆனால் அவர் எடுத்தது அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு வேலை செய்துகொண்டிருந்த ஸ்டாம்ப். அதற்கென்று ஒரு அதிகாரம், ஒரு சலிப்பு இருந்தது. பட்டாம்பூச்சி ஸ்டாம்ப்புக்கு முன்கதை கிடையாது. அழகாக இருப்பதற்கென்றே பிறந்தது. வேலை செய்த சீட்டின்மேல் வேலையே செய்யாத ஸ்டாம்ப்பை வைத்தால் இரண்டும் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது?

இவ்வளவையும் எனக்குள் தெளிவாக்கியது என் அக்கா மகள் செய்த அட்டைகள். காலேஜ் படிக்கிறாள். வீட்டில் டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடந்த பதினொரு கட்டுகளை எடுத்து ஒரு லீவு முழுக்க உட்கார்ந்து எண்பது அட்டை போலச் செய்திருந்தாள். அந்தக் கட்டுகள் எப்படி வந்தன என்பதைச் சொல்லாமல் அட்டைகளை மதிப்பிட முடியாது.

எங்கள் பக்கத்தில் சீட்டுக்கட்டு நல்ல பெயர் எடுத்த பொருள் அல்ல. ஷாப்பில் சம்பளம் போட்ட சாயந்திரம் ஏரிக்கரைத் தோப்பில் துண்டு விரித்தால் ராத்திரிக்குள் பாதிச் சம்பளம் கைமாறிவிடும். அக்கா வீட்டுக்காரரும் அந்தத் துண்டில் உட்கார்ந்தவர்தான். பிறகு துண்டு போய் போன் வந்தது. தோப்பில் தோற்றால் தோற்றது யாரிடம் என்றாவது தெரியும், கூட இருப்பவன் ‘போதும் எழுந்திரு’ என்பான். போனில் அதுவும் இல்லை. 2022-இல் தமிழ்நாடு சட்டமன்றம் இணையச் சூதாட்டத்தைத் தடை செய்து சட்டம் போட்டது. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றின் மேலான தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையே தடுக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் வந்தது. இதற்கு நடுவே எத்தனையோ வீடுகளில் நகை போனது. அக்கா வீட்டில் ஒரு ஜோடி வளையல் போனது. பெட்டிக்கடியில் கிடந்த காகிதக் கட்டுகள் அதற்கும் முந்தைய காலத்து மிச்சம்.

அவளுடைய முதல் ஐம்பது அட்டைகள் வீடியோ பார்த்துச் செய்தவை. வெள்ளைப் பிரைமர், ஊதா வண்ணம், பட்டாம்பூச்சி. சரியில்லை என்று சொன்னேன். காரணத்தையும் மேலே எழுதியபடியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“மாமா, வெள்ளை அடிக்காம வச்சா அம்மா அடுப்புல போட்டுடும். ராஜா மூஞ்சியப் பாத்தாலே அதுக்கு ஆவாது.”

இது நான் கணக்கில் வைக்காத பிரைமர். சூரிச்சிலும் கால்கரியிலும் சீட்டின்மேல் வெள்ளை பூசுவது மை ஒட்டுவதற்காக. இந்த வீட்டில் வெள்ளை பூசுவது சீட்டு என்பதையே வீட்டுக்குள் அனுமதிப்பதற்காக. சாவு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல. அந்த வெள்ளைக்கு அர்த்தம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அர்த்தம் அவளுக்கும் அக்காவுக்கும் தெரிந்ததாக இருக்கிறதே தவிர அட்டையில் இல்லை. அட்டையில் இருப்பது பட்டாம்பூச்சிதான். விமர்சகன் அட்டையைத்தான் பார்க்க முடியும். ஐம்பதும் தோல்வி என்ற முடிவில் மாற்றமில்லை.

மீதி முப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அக்கா ஒரு ஷூ கம்பெனியில் லைனிங் துணியில் சைஸ் நம்பர் குத்துகிறாள். 36, 37, 38 என்று ஐரோப்பிய அளவு. தேய்ந்துபோன பழைய ரப்பர் எண்கள் சில வீட்டில் கிடந்தன. பிரைமர் டப்பா தீர்ந்த ஒரு நாள் மகள் அவற்றை எடுத்து நேராகச் சீட்டின்மேல் குத்தியிருக்கிறாள்.

ஆட்டின் எட்டு என்று ஒரு அட்டை. எட்டு சிவப்புக் குறிகள். ஒவ்வொன்றின் மேலும் 38 என்று ஊதா மை. சிவப்பின் மேல் ஊதா விழுந்து எண் ஏறக்குறையக் கருப்பாகிவிட்டது. குறிக்கு வெளியே வழிந்த இடத்தில் வெளிர் ஊதா. மூலையில் சீட்டின் சொந்த எண் 8. ஆட்டத்தில் எட்டு என்றால் எட்டுப் புள்ளி. கம்பெனியில் 38 என்றால் ஒரு கால். இரண்டு எண்களும் ஒரே அட்டையில் ஒன்றையொன்று கூட்டவும் முடியாமல் கழிக்கவும் முடியாமல் கிடக்கின்றன. புருஷன் எண்ணிய எண்ணும் பெண்டாட்டி குத்திய எண்ணும். அவள் இப்படியெல்லாம் யோசித்துச் செய்யவில்லை என்றாள். சும்மா எட்டுக்கு எட்டு சேரும் என்று செய்தாளாம். போதும், அட்டை யோசித்திருக்கிறது.

வார்னிஷ் மேல் மை ஒட்டாத சிக்கலை அவள் தீர்க்கவில்லை. நல்லவேளை. சில அட்டைகளில் மை காயாமலே கிடந்து, எடுத்து வைத்த கைரேகை முழுசாகப் பதிந்திருக்கிறது. இஸ்பேட் பத்தில் 37 என்ற எண் பாதி இழுபட்டு, பக்கத்தில் பெருவிரல் ரேகை. ரேஷன் கடை ரெஜிஸ்டர் மாதிரி. சீட்டு மறுத்ததும் மை நழுவியதும் கை தடுத்ததும் எல்லாம் அதில் இருக்கிறது. இன்னும் சிலவற்றில் எண் விழவேண்டிய இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி அங்கே குத்தியிருக்கிறாள். அவை சுத்தமாக இருக்கின்றன. ஆனால் உயிர் குறைவு.

ஜோக்கரின் மேல் ‘ரத்து’ என்று குத்திய மூன்று அட்டைகள் எனக்கு ஒத்துவரவில்லை. வேலூரில் ஸ்டாம்ப் கடையில் புதிதாக வெட்டி வாங்கிய ஸ்டாம்ப் அது. பார்த்ததும் புரிந்துவிடுகிறது, புரிந்ததும் தீர்ந்துவிடுகிறது. கார்ட்டூன். 38-ஐ இத்தனை நாளாகப் பார்க்கிறேன், இன்னும் தீரவில்லை. இஸ்பேட் ஏஸ்களை அவள் தொடவே இல்லை. அதில் குத்த இடமில்லை, ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்றாள்.

மாற்றிக்கொள்ளும் விதிப்படி எனக்கு ஒன்று வேண்டும் என்றால் நானும் ஒன்று செய்து தர வேண்டுமாம். எனக்குக் கை வராது. அதனால் ஆட்டின் எட்டு இன்னும் அவளிடமே, பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அக்கா அதை ஒருநாள் பார்த்துவிட்டாள். அடுப்பில் போடவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

“இது பழைய செட்டு. எட்டுக்கு மேல் வளையம் தேஞ்சிருக்குது பாரு. லைனிங்ல இப்படி விழுந்தா செக்கிங்ல திருப்பி அனுப்பிடுவான்” என்றாள். பிறகு டின்னை மூடி வைத்தாள்.